மூன்று முறை அலசவும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: மனு கிடைத்த முப்பது நாளுக்குள் தகவல் தரப்பட வேண்டும். கேட்கப்படும் தகவல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியது என்றால், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும்.

இதை நான் புத்தகம் பார்த்து எழுதவில்லை. குடிநீர் ஆய்வகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் அங்கே பொதுத் தகவல் அலுவலரும் நான்தான். சட்டம் மனப்பாடம். எந்த வரியைக் காட்டி எந்த மனுவைத் திருப்பி அனுப்பலாம் என்பதும் மனப்பாடம்.

ஆய்வு முடிவுகளை இனி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடப் போகிறார்களாம். அதையொட்டி ஆய்வகத்துப் பிள்ளைகள் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். "மேடம், உங்க சர்வீஸ் அனுபவத்தை எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றார்கள். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. ஜாலியாகவும் வரவில்லை. போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

படித்தது வேதியியல், தாம்பரத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் தண்ணீர் மாதிரி எடுப்பது. அதற்கு இரண்டு பாத்திரங்கள். ஒன்று பெரிய பிளாஸ்டிக் கேன். உப்பு, கடினத்தன்மை, இரும்பு பார்ப்பதற்கு. எடுக்கப்போகிற தண்ணீராலேயே அதை மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். மற்றது சின்னக் கண்ணாடிக் குப்பி, கிருமி பார்ப்பதற்கு. அதைச் சூட்டில் வைத்துச் சுத்தப்படுத்தி, பழுப்புத் தாள் சுற்றி, உள்ளே ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் மருந்தில் சில சொட்டுகளோடு அனுப்புவோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குப்பிக்குள் வந்த பிறகும் அது சும்மா இருக்காது. ஆய்வகம் வந்து சேரும் வரை வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். ஹைப்போ அந்தக் குளோரினை உடனே அடக்கிவிடும். அப்போதுதான் குழாயில் இருந்த கிருமி அப்படியே எங்கள் மேசைக்கு வரும். ஆகவே கண்ணாடிக் குப்பியை அலசவே கூடாது. அலசினால் ஹைப்போ போய்விடும். தண்ணீர் ஆட்டோவிலேயே சுத்தமாகிவிடும். அறிக்கை பிரமாதமாக வரும்.

எங்கள் தலைமைப் பகுப்பாய்வாளர் ராஜமாணிக்கம் சார். அறிக்கையைக் கீழிருந்து மேலாகப் படிப்பவர் அவர். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, பிறகு யாருக்கு நகல், கடைசியாகத்தான் தண்ணீர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் பிழை இருக்கிறது என்று அர்த்தம். வைத்துவிட்டு நம்மைப் பார்க்க மாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பின்னத்தைத் தவறாகப் போட்டதற்கு நாற்பது நிமிடம் அவர் எதிரில் நின்றிருக்கிறேன். திட்டியதே இல்லை. ஒவ்வோர் அறிக்கையின் தலையிலும் அவர் கையாலேயே ஒரு முத்திரை குத்துவார்: அலுவலக உபயோகத்திற்கு மட்டும். மை காயும் வரை ஊதுவார்.

"ரிப்போர்ட்டுங்கிறது டாக்டர் சீட்டு மாதிரி வசந்தா. பேஷன்ட்டுக்குப் புரிஞ்சிட்டா மரியாதை போயிடும்."

ஒருநாள் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு நேராக சாரின் அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"சார், போன வாரம் எங்க குப்பத்தாண்ட வந்து தண்ணி புட்ச்சிகினு போனீங்களே, இன்னா ஆச்சு? கொயந்தைங்களுக்கு வயித்தால போவுது."

"ரிப்போர்ட் உங்க பஞ்சாயத்துக்குப் போயிடுச்சும்மா. அங்க கேளுங்க."

"அங்க கேட்டா உங்களாண்ட கேக்கச் சொல்றாங்கோ."

"அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும்."

"அப்போ தண்ணி குடிக்கறது நாங்கோ, சீட்டு படிக்கறது நீங்களா? நல்லா கீது சார் உங்க நாயம்."

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குப்பத்தின் அறிக்கை அப்போது என் கையில்தான் இருந்தது. "குடிக்கத் தகுதியற்றது" என்று என் எழுத்திலேயே இருந்தது. வாசல் வரை பத்தடி நடந்து சொல்லியிருக்கலாம். கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினேன். விதிப்படி அது சரி. அந்த நாளை நான் நல்ல நாளாகவே நினைத்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு தகவல் சட்டம் வந்தது. சாரும் ஓய்வு பெற்றார். முத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பழக்கத்தைப் பூட்டவில்லை. நான் தகவல் அலுவலராக இருந்த ஆறு ஆண்டில் நாற்பத்தெட்டு மணி நேர மனுக்கள் இரண்டு வந்தன. இரண்டிலும் "உயிருக்கு ஆபத்து என்பதற்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை" என்று எழுதி, முப்பது நாள் வரிசையில் சேர்த்தேன். ஆதாரம் கேட்கச் சொல்லும் வரி சட்டத்தில் எங்கும் கிடையாது. மேலதிகாரிகள் அந்த வாசகத்தை மிகவும் மெச்சினார்கள். மற்ற அலுவலகங்களும் வாங்கிப் பயன்படுத்தின.

ஓய்வு பெற்றுச் செம்பாக்கத்தில் இருக்கிறேன், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா, பள்ளி ஆசிரியை. அவள் மகள் ஜெனிஃபர் சிறுசேரியில் மென்பொருள் வேலை. ஆறு மாதக் கர்ப்பம். அலைய வேண்டாம் என்று வீட்டிலிருந்தே வேலை செய்ய அம்மாவிடம் வந்திருந்தாள். போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் மஞ்சள் காமாலை. தண்ணீரால் வரும் காமாலையில் ஒரு வகை கர்ப்பிணிகளை விட்டுவைக்காது. அது எனக்குத் தெரியும். நவம்பர் இருபதாம் தேதி மனு எழுதினேன். எங்கள் தெருக் குழாயின் கடந்த மூன்று மாத ஆய்வு முடிவுகள், மாதிரி எடுத்த தாள்களோடு வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது. பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கினேன்.

மறுநாளே தொலைபேசி வந்தது. கலா. என்னிடம் வேலை கற்றவள்; இப்போது என் நாற்காலியில், தகவல் அலுவலர் பதவியும் சேர்த்து.

"மேடம், உங்களுக்கு எதுக்கு மனு எல்லாம்? ஒரு போன் அடிச்சா போதாதா? உங்க தெரு, பக்கத்துத் தெரு, எல்லா சாம்பிளும் திருப்தி. குளோரின் இருக்கு, கிருமி இல்ல. ரிலாக்ஸா இருங்க."

"எழுத்துல குடு கலா."

"அனுப்பிடறேன் மேடம். ஃபைல் இப்ப இருக்கற சார் டேபிள்ல இருக்கு."

வாய்வழிப் பதிலுக்குப் பதிவு எண் கிடையாது, அது பதிலே ஆகாது என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். ஆனால் இது என் ஆய்வகம் சொன்னது. நம்பினேன்.

அன்று மாலை ஸ்டெல்லா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"அக்கா, ஜெனியைப் பெருங்களத்தூர்ல என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிடலாமான்னு பாக்கறேன். அவங்க அபார்ட்மென்ட்ல வேற தண்ணி. நீங்க என்ன சொல்றீங்க?"

"எதுக்கு? எல்லாமே சுத்தம்னு ரிசல்ட் வந்திருக்கு. குடிக்கறதை மட்டும் காய்ச்சிக்குங்க, போதும்."

உள்ளேயிருந்து ஜெனி குரல் கொடுத்தாள். "ஆன்ட்டி வாழ்க! அங்க போனா அத்தை காலையில இருந்து நைட் வரைக்கும் பேபிக்குப் பேர் சொல்லியே என்னைக் கொன்னுடுவாங்க."

அனுப்பவில்லை.

குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சினார்கள். பல் துலக்கும் தண்ணீரை யார் காய்ச்சுகிறார்கள்? காய்கறி கழுவும் தண்ணீரை? கிறிஸ்துமஸ் முடிந்த நான்காம் நாள் ஜெனிக்குக் காய்ச்சல், வாந்தி. இரண்டு நாளில் கண் மஞ்சளானது. தாம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பயந்த அதே வகை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்று டாக்டர் சொன்னார்: கிருமி எந்த நாளில் உடம்புக்குள் போனது என்று சொல்ல முடியாது, அனுப்பியிருந்தாலும் வந்திருக்கலாம். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். நான் சொன்ன நாளுக்கு முன்பும் இருக்கலாம், பின்பும் இருக்கலாம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

நான்காம் நாள் வயிற்றில் குழந்தை இறந்தது. பெண் குழந்தை. ஜெனி அப்போது சுயநினைவில் இல்லை.

மருத்துவமனையிலிருந்து சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போனதால், எங்கள் தெருவில் மறுபடி மாதிரி எடுக்க ஆள் வந்தார். முருகேசன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி. ஒழுங்கான மனிதர், கை கழுவினார், குழாயின் வாயைப் பஞ்சால் துடைத்து நெருப்புக் காட்டினார், இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுத்தமாகச் செய்யும் ஆளைப் பார்த்து நெடுநாள் ஆயிற்று என்று நினைத்தேன். பிறகு அவர் கண்ணாடிக் குப்பியின் பழுப்புத் தாளைப் பிரித்தார். மூடியைத் திறந்தார். குழாயில் பாதி பிடித்தார், குலுக்கினார், கீழே கொட்டினார். மறுபடி பிடித்தார்.

"நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

"அலசறேன்மா. மூணு வாட்டி அலசணும்."

"அதை அலசக் கூடாது! யார் உங்களுக்குச் சொன்னது?"

"இன்னாமா நீ, காலையிலயே பேஜார் பண்ற. ரூல் போட்டுக் குட்த்துக்கீறாங்கோ." பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். "பாரு, நாலாவது பாயின்ட்டு. எங்க ஆளுங்க பன்னெண்டு பேராண்டயும் இதான் கீது."

நான்காவது: பாத்திரத்தை அதே தண்ணீரால் மூன்று முறை அலசவும். அந்த வரியின் முடிவில் ஒரு சிறிய நட்சத்திரக் குறி. தாளின் அடியில் ஒரு கையெழுத்து.

என் கையெழுத்து.

வேலையின் நடுக்காலத்தில், பயிற்சி இல்லாத ஆட்கள் மாதிரி எடுக்க வரத் தொடங்கியபோது, நான் இரண்டு வழிமுறைத் தாள்கள் தயாரித்தேன். கேனுக்கு ஒன்று, குப்பிக்கு ஒன்று. ராஜமாணிக்கம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு தாள் குடுத்தா ஒண்ணைத் தொலைச்சிடுவானுங்க. ஒரே பக்கத்துல முடிம்மா." முடித்தேன். நான்காவது வரிக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, என் கையெழுத்துக்கும் கீழே, தாளின் விளிம்பில், பொடி எழுத்தில் குறிப்பு எழுதினேன்: கண்ணாடிக் குப்பிக்கு இது பொருந்தாது. சார் அன்று அதைக் கீழிருந்து மேலாகப் படித்தார். முதலில் அந்தக் குறிப்பைத்தான் படித்தார். பிறகு நகலுக்கு நகல், அதற்கு நகல் என்று எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தாளின் அடி விளிம்பு கொஞ்சம் விடுபட்டிருக்கிறது. என் கையெழுத்தோடு தாள் முடிந்துவிட்டது. நட்சத்திரம் மட்டும் மேலே நின்றிருந்தது.

"இந்த ஸ்டார் எதுக்குன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"முக்கியமான பாயின்ட்டுன்னு ஸ்டார் போட்டுக்கீறாங்கோ. அதான் நான் இதை மட்டும் மறக்கவே மாட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, உடம்பு கிடம்பு சரியில்லியா? குந்துமா" என்றார்.

உட்கார்ந்தேன். கையெழுத்து யாருடையது என்று சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களா மேடம் அது? நீங்க சொல்லிக் குட்த்த மாதிரிதானே மேடம் செஞ்சேன். ஒரு நாள் கூட தப்பா செய்யல."

உண்மைதான். சோம்பேறி யாராவது அலசாமல் பிடித்திருந்தால் அந்த மாதிரி சரியாக வந்திருக்கும். ஒழுங்கானவர்கள் எடுத்த மாதிரிகள்தான் எல்லாம் பொய். எத்தனை தெரு, எத்தனை வருடம்? எனக்குத் தெரியாது.

அவரிடம் இருந்த இன்னொரு குப்பியை வாங்கினேன். என் கையாலேயே, அலசாமல், அதே குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அவர் அலசிய குப்பியையும் நிரப்பி, இரண்டையும் அனுப்பச் சொன்னேன். கலாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், அந்த ஷீட்டை நானே ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றாள்.

கிருமிச் சோதனைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் போதும். கிருமிகள் சட்டத்தை மதித்தன. அலசிய குப்பி சுத்தம். அலசாத குப்பியில் மலக் கிருமி. தெருமுனையில் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் ஒரு பத்தடி தூரம் கழிவு ஓடும் கால்வாய்க்குள்ளேயே படுத்துக் கிடந்தது. அதில் ஒரு விரல் நுழையும் விரிசல். மூன்று நாளில் புதுக் குழாய் போட்டார்கள். பழைய தாள்களைத் திரும்ப வாங்கிவிட்டதாகக் கலா சொன்னாள். வாய்வழியாக.

ஜெனி பிழைத்தாள். பதினேழு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். அவள் வந்த வாரமே ஸ்டெல்லாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தாளையும் காட்டினேன். தேர்வுத்தாள் திருத்துவதுபோல வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். என் கையெழுத்தில் விரல் நின்றது.

"நீங்க போங்கக்கா" என்றாள். மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

இரண்டு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்றாள்.

"நீங்க போட்ட மனுவுக்குப் பதில் வந்துச்சா?"

"இல்ல."

"வரணும்க்கா. ஜெனி என்னைக் கேக்கறா, தண்ணியாலதானான்னு. அவ ஏதோ சாப்பிட்டதாலதான்னு அவ மாமியார் வீட்டுல பேசறாங்க. அவ தப்பு இல்லன்னு ஒரு பேப்பர்ல இருக்கணும். நீங்களோ நானோ வாயால சொன்னா யார் கேப்பாங்க?"

அதன் பிறகு வாரம் இரண்டு முறை வந்து கேட்டாள். ஒரே கேள்வி. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளலாம் என்கிறது சட்டம். முப்பது நாள் எப்போதோ கடந்திருந்தது. முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்கான வாசகங்கள் எனக்குப் புதிதல்ல. ஆறு ஆண்டுகள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து படித்தவை.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. மூன்று மாத முடிவுகளும், மாதிரி எடுத்த தாள்களும், ஒவ்வொரு பக்கத்திலும் கலாவின் சான்றொப்பத்தோடு. எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: திருப்தி. அலசிய குப்பி பற்றி ஒரு வரி இல்லை. விரிசல் விட்ட குழாய் பற்றி ஒரு வரி இல்லை. கலாவைக் கூப்பிட்டேன்.

"மேடம், நீங்க கேட்டது அந்த மூணு மாச ரிசல்ட். ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதைத்தானே தர முடியும்? நான் திருத்தினா அது வேற கேஸ் ஆயிடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கீழ குறிப்பு எழுதித்தான் டிராஃப்ட் வச்சேன் மேடம். சார் அந்தக் குறிப்பை அடிச்சிட்டார்."

விதிப்படி அவள் சரி. என்னாலும் அதில் ஒரு பிழையும் காண முடியவில்லை. ஒரு சொட்டு ஈரமில்லாமல் எழுதப்பட்ட, சுத்தமான பதில். இந்தப் பதிலை நானே எழுதியிருப்பேன். இன்னும் ஒரு வரி குறைவாக.

ஸ்டெல்லா வந்தாள். இந்த முறை ஜெனியும் கூட. ஜெனி மெலிந்து, துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள். அம்மாவின் கையிலிருந்து தாள்களை அவளே வாங்கிப் படித்தாள்.

"திருப்தின்னு போட்டிருக்கு ஆன்ட்டி."

"ஆமாம்மா."

"அப்போ எனக்கு வந்தது தண்ணியால இல்லையா?"

"தண்ணியாலதான். இதை எடுத்துட்டுத் தகவல் ஆணையத்துக்குப் போறேன். இது தப்புன்னு நிரூபிக்க ஒரு பேப்பர் இருக்கு. அதைத்தான் முதல் இணைப்பா வைக்கப் போறேன்."

"எந்தப் பேப்பர்?"

"என் கையெழுத்துப் போட்டது."

ஜெனி தாள்களை என்னிடம் திருப்பித் தந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா தன் கைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எப்ப கைக்கு வந்துச்சுன்னு மேல எழுதுங்கக்கா. நாப்பத்தெட்டு மணி நேரம்னு சொன்னீங்களே, அவங்க எண்ணிப் பாக்கட்டும்."

முதல் பக்கத்தின் இடது மூலையில், அலுவலகத்தில் எழுதுவதுபோலவே எழுதினேன்: கிடைத்த நாள், பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.